வலிக்காத புண்தான் ஆபத்து: நீரிழிவு நோயாளிகள் கால்களை இழப்பது ஏன்?

திருவனந்தபுரம்: மாசி மாதம் நடைபெறும் ஆற்றுகால் பகவதி அம்மன் கோவில் பொங்கல் விழாவின்போது, கரமனை உள்ளிட்ட சுற்றுவட்டாரச் சாலைகள் முழுவதும் செங்கல் அடுப்புகள் வரிசையாக மூட்டப்படுகின்றன. பெண்கள் பலர் வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்பர். சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைப்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. சூடே தெரியாமல் நிற்கும் நீரிழிவு நோயாளிக்குத்தான் ஆபத்து.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நிதியுதவியுடன் நடந்து, 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. கோவா, புதுச்சேரியை அடுத்து கேரளம் 25.5 சதவீதத்துடன் மூன்றாம் இடத்தில் உள்ளது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் பழுதடைகின்றன. முதலில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். பின்னர் உணர்ச்சியே மரத்துப்போகும். எரிச்சல் நின்றதைக் குணமானதாகக் கருதிப் பலர் ஏமாறுகின்றனர். வியர்வை குறைவதால் தோல் வறண்டு வெடிக்கும். விரல்கள் வளைந்து, ஒரே இடத்தில் அழுத்தம் கூடி, காய்ப்பு ஏற்பட்டு, அதனடியில் புண் உருவாகும். வலி இல்லாததால் நோயாளி அதன்மீதே நடக்கிறார். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவதில்லை. தொற்று எலும்பு வரை பரவுகிறது. நீரிழிவால் கால் அகற்றப்படுவோரில் மிகப் பெரும்பான்மையினருக்கு முதலில் இருந்தது இத்தகைய ஒரு புண்தான்.

இந்த உண்மை முதலில் தெளிவானது நீரிழிவில் அன்று, தொழுநோயில். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதாலேயே சிதைகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். புண்ணின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும் மாவுக்கட்டும் மென்மையான ரப்பர் காலணியும் பின்னர் நீரிழிவு சிகிச்சைக்கும் வந்து சேர்ந்தன.

பாத உணர்ச்சியை 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனை அவசியம். உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டினுள்ளும் செருப்பு அணிய வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. உள்ளங்காலை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். காய்ப்பைப் பிளேடால் சீவுவது நம் வீடுகளில் சாதாரணம்; புண்ணுக்கு அதுவே தொடக்கமாகி விடுவதுண்டு. கோவிலுக்குச் செல்வோர் வெயில் தணிந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். காலுறைக்கு அனுமதி உண்டா என முன்னரே கேட்டறியலாம்.

பாதம் சிவந்து வீங்கினாலோ, துர்நாற்றம் வீசினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலை அகற்றப் பரிந்துரைக்கப்பட்டால், தொற்று உயிருக்கு உடனடி ஆபத்தாக இல்லாத நிலையில், இரத்தக் குழாய் அடைப்பு பரிசோதிக்கப்பட்டதா என்று உறவினர்கள் கேட்கலாம். அடைப்பை நீக்கி இரத்த ஓட்டத்தைச் சீராக்கினால், முழங்கால் வரை அகற்றவிருந்த இடத்தில் ஒரு விரலோடு முடிந்த சிகிச்சைகளும் உண்டு.