வாக்குக்கு விலை உண்டு, தவணை எங்கே?

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் 1957 முதல் மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்தது. இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில் வியாபாரிகள் உரக்கக் கூவி விலை பேசினார்கள். பேசப்பட்டது, வரும் மாதங்களில் கைமாற வேண்டிய மிளகு. ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் முடிவுத் தேதி இருந்தது. அந்தத் தேதிக்குள் சரக்கைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விலை வித்தியாசத்தைக் கட்டிக் கணக்கை முடிக்க வேண்டும். மின்வாகன நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள் வெளியாகும் நாட்களில் பங்குச் சந்தையிலும் எதிர்காலத்துக்குத்தான் விலை பேசப்படுகிறது. அங்கே இல்லாதது அந்த முடிவுத் தேதி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா எலக்ட்ரிக்கைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் அதன் பங்கு 76 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. இரண்டே வாரத்தில் 150 ரூபாயைத் தாண்டியது. 2025 ஜூலையில் வந்த காலாண்டு முடிவில் வருவாய் முந்தைய ஆண்டு இதே காலாண்டின் 1,644 கோடியிலிருந்து 828 கோடியாகப் பாதிக்குப் பாதி சரிந்திருந்தது. நஷ்டம் 347 கோடியிலிருந்து 428 கோடியாகக் கூடியிருந்தது. அன்றைக்குப் பங்கு விலை ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்ந்தது! வாகனப் பிரிவு ஜூன் மாதத்தில் வட்டி, வரி, தேய்மானத்தைக் கழிக்கும் முன் லாபம் கண்டதும், அந்த நிதியாண்டில் 3.25 முதல் 3.75 லட்சம் வாகனங்கள் விற்போம் என்ற அறிவிப்பும் முதலீட்டாளர்களுக்குப் போதுமானதாக இருந்தன. நவம்பரில் நிலைமை மாறியது. 4,200 முதல் 4,700 கோடி என்றிருந்த வருவாய் இலக்கை நிறுவனம் 3,000 முதல் 3,200 கோடியாகக் குறைத்தது. ஆண்டு முடிவதற்குள் பங்கு 40 ரூபாய்க்கும் கீழே போயிருந்தது.

உலகப் புகழ் பெற்ற டெஸ்லாவிலும் இதுவே நடந்தது. 2024 அக்டோபரில், அடுத்த ஆண்டு வாகன விற்பனை 20 முதல் 30 விழுக்காடு வளரும் என்பது தன் கணிப்பு என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி எலான் மஸ்க். மறுநாள் பங்கு சுமார் 22 விழுக்காடு ஏறியது. நடந்தது என்ன? 2024இல் சுமார் 17.9 லட்சமாக இருந்த விற்பனை 2025இல் சுமார் 16.4 லட்சமாகக் குறைந்தது.

அப்படியும் டெஸ்லா பங்கை வைத்திருந்தவர்கள் 2025 முடிவில் லாபத்தில்தானே இருந்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த விலையைத் தாங்கியதில் ஓட்டுநரில்லா டாக்சி, மனித உருவ ரோபோ போன்ற புது வாக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய வாக்கு தவறும்போது புது வாக்கை நம்பிப் பணம் போட ஆள் இருக்கும்வரைதான் இது செல்லும். புதுத் தொழில் நஷ்டத்தில்தான் தொடங்கும், அதற்குப் பொறுமை வேண்டும் என்பது இன்னொரு வாதம். அதிலும் நியாயம் உண்டு. டெஸ்லா முதன்முதலாக முழு ஆண்டு லாபம் கண்டதே 2020இல்தான். ஆனால் அதே ஆண்டில் 5 லட்சம் கார்கள் என்ற இலக்கை, பெருந்தொற்றுக்கு நடுவிலும், சில நூறு கார்கள் குறைவாக ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. அன்றைய நம்பிக்கைக்குச் சாலையில் ஓடிய கார்கள் சாட்சியாக நின்றன. ஓலாவைப் பொறுத்தவரை, அரசு மானியம் குறைந்ததும், டிவிஎஸ், பஜாஜ் போன்றோரின் போட்டி வலுத்ததும் நிறுவனத்தின் கையில் இல்லை என்பார்கள். சரிதான், இலக்கு தவறுவது குற்றமல்ல. ஆனால் தவறக்கூடும் என்பது முன்பே தெரிந்திருக்கும்போது, அந்த ஆபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை கொடுக்க வேண்டும். மிளகு வணிகத்தில் முன்பணம் வாங்கியதும் தவணை வைத்ததும் இதற்காகத்தான்.

பங்குச் சந்தை தவணை வைக்காதபோது, முதலீட்டாளர்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலாண்டிலும் நிறுவனம் சொன்ன எண்ணையும் செய்து காட்டிய எண்ணையும் அருகருகே எழுதி வையுங்கள். இந்தியாவில் பதிவாகும் வாகனங்களின் கணக்கை மத்திய அரசின் வாகன் தளம் எல்லோருக்கும் இலவசமாகக் காட்டுகிறது. முடிவுகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடந்த நான்கு காலாண்டு வாக்குகளில் எத்தனை நிறைவேறின என்று பார்த்த பிறகு, ஐந்தாவது வாக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.