கை போன பின் கணக்கு!

கட்டைவிரலுக்கு 30! சுட்டுவிரலுக்கு 14! நடுவிரலுக்கு 12! நான்கு விரலும் போனால் 50! கையே போனால் 60!

சந்தையிலே காய்கறிக்குக் கூவும் விலையல்ல தோழர்களே! தொழிலாளியின் உடலுக்குச் சட்டப் புத்தகத்திலே எழுதி வைத்திருக்கும் விழுக்காடு! 1923-ஆம் ஆண்டு, வெள்ளைக்காரன் காலத்திலே பிறந்த இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலே இருந்தது. 2020-இல் இயற்றி, 2025 நவம்பர் 21-இல் நடப்புக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் குடியேறிவிட்டது.

பட்டியல் இருப்பதைக் குறை கூறவில்லை நாம். ஒன்றுமே இல்லாதிருந்த காலத்தில் அதுவாவது வந்ததே! ஆனால் பட்டியல் விரலை எண்ணுமே தவிர, அந்த விரலை நம்பி உலையேற்றும் வீட்டை எண்ணுமா?

ஒரிசாவிலே ஒரு தச்சுத் தொழிலாளி. 1968 ஜூலை 6-ஆம் நாள், திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் கீழே விழுந்தார். இடக்கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். முதலாளி தரப்பு என்ன சொல்லிற்று? அட்டவணைப்படி இது 70 விழுக்காடுதான், முழு இழப்பு அல்ல என்றது! இழப்பீடு மொத்தமே 9,800 ரூபாய். அதிலே மிச்சம் பிடிக்க உச்சநீதிமன்றம் வரை நடந்தார்கள். 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, ஆகவே அவருக்கு இது முழு இழப்பு, நூற்றுக்கு நூறு என்றது மன்றம். காலம் கடத்தியதற்கு அபராதமும் வட்டியும் வேறு!

2010 அக்டோபரில், மோட்டார் விபத்து வழக்கொன்றில், அதே மன்றம் இதை மேலும் விளக்கிற்று. உடலின் ஊனம் வேறு, சம்பாத்திய இழப்பு வேறு. இடக்கை போனவர் ஓட்டுநரோ தச்சரோ ஆனால் பிழைப்பே போகும். எழுத்தரானால் வேலை நிலைக்கக்கூடும். ஊனம் எவ்வளவு என்று மருத்துவர் சொல்ல வேண்டும், பிழைப்பு எவ்வளவு போயிற்று என்று மன்றம் கணிக்க வேண்டும். வெறும் சான்றிதழை நீட்டினால் போதாது, சிகிச்சை அளித்தவரோ பரிசோதித்தவரோ கூண்டேறிச் சொல்ல வேண்டும் என்றும் கூறிற்று. விலைக்கு வாங்கும் சான்றிதழ்கள் உலவும் நாட்டில் அந்தக் கண்டிப்பு நியாயந்தான். ஆனால் கையிழந்தவன் மருத்துவரைக் கூண்டுக்கு எப்படி அழைத்து வருவான்? சங்கமோ வழக்கறிஞரோ துணைக்கு இல்லையென்றால், அது மலையைக் கயிறு கட்டி இழுக்கிற வேலை!

அட்டவணையிலே இல்லாத காயமென்றால் சிக்கல் இன்னும் பெரிது. முதுகெலும்பு நசுங்குகிறது, தோள்மூட்டு இறுகிவிடுகிறது, பட்டியலில் பெயரில்லை. அத்தகைய காயத்துக்குச் சம்பாத்திய இழப்பை மதிப்பிடும் பொறுப்பையே 1923-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் கையிலே கொடுத்தது. இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கோ வழி வேறு. அங்கே மருத்துவக் குழு உட்கார்ந்து விழுக்காடு சொல்லும்; முடிவு சரியில்லையென்றால் மேல்முறையீடு உண்டு.

எந்த வழியானாலும் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: முதல் மணி நேரத்தில் மருத்துவமனையில் எழுதப்படும் முதல் வரி!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை எடுத்துக்கொள்வோம். உலையும் உருக்கும், உருட்டாலையும் பிரஸ்ஸும் நிறைந்த இடம். காக்களூர்த் தொழிற்பேட்டையும் அதே திருவள்ளூர் மாவட்டந்தான். இரவு ஷிப்டிலே பிரஸ் இறங்கி விரல் நசுங்குகிறது என்று வையுங்கள். தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கே? அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டிலே எழுதுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். ஆகவே, 'பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி போதுமே' என்று பரிவு பொங்கும்! 'வீட்டிலே வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்பா, செலவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பாசம் பீறிடும்! அந்தப் பாசத்தின் விலை ஆறு மாதம் கழித்துத் தெரியும். எக்ஸ்ரே எலும்பு உடைந்ததைக் காட்டும், எந்த இயந்திரம் உடைத்தது என்று காட்டுமா? 'ஆலையில், பணியில், பிரஸ்ஸில்' என்ற மூன்று சொல் ஏட்டிலே ஏறவில்லையென்றால், விழுக்காடு 100 ஆனாலும் வழக்கு வாசலிலேயே இடறி விழும்.

ஆகவே பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, ஒன்றையும் விடாமல் வாங்கி வீட்டிலே வையுங்கள். மேஸ்திரியிடம் கொடுத்துவைப்பது பூனையிடம் பாலைக் கொடுப்பது! உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அஞ்ச வேண்டாம். அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று.

இரத்தம் வராத காயமும் உண்டு. இரைச்சலால் செவி மங்குவதும், மணல் தூசால் நுரையீரல் இறுகுவதும் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்தபோது செவியைச் சோதித்த தாள் இருந்தால்தானே இன்றைய இழப்பை அளக்க முடியும்? அந்தத் தாளைக் கேட்டு வாங்கிய தொழிலாளி எத்தனை பேர்?

இன்னொன்றும் கேட்கிறோம். சிப்காட்டிலே இன்று வேலை செய்பவர்களிலே பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவர்கள் திரளாக இருக்கிறார்கள். அடிபட்டவன் பேசுவது மருத்துவருக்கு விளங்கவில்லை. அவனுக்காகப் பதில் சொல்பவர் யார்? அழைத்து வந்த கான்ட்ராக்டரின் ஆள்! எப்படி அடிபட்டது என்ற கேள்விக்கு அவர் வாயிலிருந்து எந்த விடை வரும்? பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவிலே இந்தியும் ஒரியாவும் அறிந்த ஒருவரை இரவு பகலாக அமர்த்தினால் அரசின் கருவூலம் காலியாகிவிடாது. அடிபட்டவன் வாயால் சொன்னது ஏட்டிலே ஏறட்டும். சொன்னதை அவனுக்கே படித்துக் காட்டிய பிறகு, இருக்கிற விரலால் ரேகை வைக்கட்டும்.