குதிரை வண்டியில் வந்த துடைப்பம்!

லண்டன் நகரம். பணக்காரர்கள் வாழும் தெரு. ஒரு பெரிய வீட்டு வாசலில் வண்டி ஒன்று வந்து நின்றது. குதிரை பூட்டிய வண்டி. பளிச்சென்ற சிவப்பு நிறம். வண்டி மேல் ஓர் எந்திரம்.

சீருடை அணிந்த ஆட்கள் இறங்கினார்கள். நீளமான குழாய்களை எடுத்தார்கள். சன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டார்கள். எந்திரத்தை முடுக்கினார்கள். "தடதட"வென்று தெருவே அதிர்ந்தது. எதிரே வந்த குதிரைகள் மிரண்டன. கூட்டம் கூடி விட்டது.

வீடு தீப்பிடித்துக் கொண்டதா?

இல்லை. வீட்டைச் சுத்தம் செய்ய வந்திருந்தார்கள்!

இது 1902-ம் ஆண்டு வாக்கில் லண்டன் மக்கள் கண்ட காட்சி. அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் ஹியூபர்ட் செசில் பூத் என்ற என்ஜினீயர். சாதாரண ஆள் அல்ல. போர்க் கப்பல் என்ஜின் வேலை தெரிந்தவர். வியன்னா நகரில் 1897-ல் எழுந்த ராட்சத ராட்டினத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அப்படிப்பட்டவர் குப்பை அள்ளும் தொழிலுக்கு ஏன் வந்தார்?

மூச்சுத் திணறியது

1901-ம் ஆண்டு. லண்டனில் ஒரு நாடகக் கொட்டகையில், அமெரிக்காவில் இருந்து வந்த புது எந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். பூத் பார்க்கப் போனார். அந்த எந்திரம் கம்பளத்தின் மேல் வேகமாகக் காற்றை ஊதியது. தூசி கிளம்பியது. கிளம்பிய தூசியில் பெரும் பகுதி மறுபடி கம்பளத்திலேயே விழுந்தது!

காற்றை ஊதுவானேன், உறிஞ்சினால் என்ன என்று பூத் கேட்டார். எந்திரக்காரருக்குக் கோபம் வந்து விட்டது. அது நடக்காத காரியம், பலர் முயன்று தோற்று விட்டார்கள் என்று சொல்லிப் போய் விட்டார்.

பூத் அதை விடவில்லை. விக்டோரியா தெருவில் ஓர் ஓட்டலுக்குப் போனார். அங்கே மெத்தை தைத்த நாற்காலி ஒன்று இருந்தது. அதன் முதுகில் வாயை வைத்து உறிஞ்சினார்! தொண்டை நிறையத் தூசி. மூச்சுத் திணறிப் போனதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். பக்கத்தில் சாப்பிட்டவர்கள் என்ன நினைத்தார்களோ!

ஆனால் விடை கிடைத்து விட்டது. காற்றை உறிஞ்ச வேண்டும். நடுவே துணியைக் கட்ட வேண்டும். காற்று போய் விடும். தூசி துணியில் நின்று விடும். அதே ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி அதற்கு உரிமைப் பதிவு செய்தார்.

யார் கூப்பிடுவார்கள்?

எந்திரம் தயார். ஆனால் அது ஒரு வண்டி அளவு பெரிது. பெட்ரோல் என்ஜினில் ஓடியது. இதை எந்தக் குடும்பம் வாங்கி வீட்டில் வைக்கும்?

அதனால் பூத் வேறு வழி கண்டார். எந்திரத்தை விற்காமல், அது செய்யும் வேலையை விற்கலாம். கூப்பிட்டால் வண்டி வரும். சுத்தம் செய்யும். கூலியை வாங்கிக் கொண்டு போகும். அதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார்.

ஆனால் யார் கூப்பிடுவார்கள்? அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் வேலைக்காரர்கள் நிறைய உண்டு. தினமும் பெருக்கினார்கள். கம்பளத்தைக் கொல்லைப்புறத்தில் தொங்கப் போட்டுத் தடியால் அடித்தார்கள். "எங்கள் வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது" என்பதே எல்லோருடைய எண்ணமும். அப்படி நினைப்பவரிடம் போய், "பணம் கொடுங்கள், சுத்தம் செய்கிறோம்" என்று எப்படிக் கேட்பது?

போதாக்குறைக்கு வழக்குகள் வேறு. சத்தத்தில் குதிரைகள் மிரண்டன என்று நஷ்ட ஈடு கேட்டார்கள். தெருவில் எந்திரத்தை நிறுத்தக் கூடாது என்று போலீசார் ஆட்சேபித்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போய், கம்பெனிக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு விதத்தில் இந்த வழக்கும் நல்லதுதான். காசில்லாத விளம்பரம் அல்லவா!

கண்ணாடிக் குழாய்

பூத் செய்த கெட்டிக்காரத்தனமான வேலை ஒன்று உண்டு. குழாயின் ஒரு பகுதியைக் கண்ணாடி போல் உள்ளே தெரியும்படி வைத்தார். கம்பளத்தில் இருந்த அழுக்கு அந்த வழியாக ஓடுவதை எல்லோரும் கண்ணால் பார்க்கலாம்.

போகிக்குப் பரணைத் துடைத்தவர்களுக்குத் தெரியும். சுத்தம் என்று நினைத்த இடத்தில் எத்தனை அழுக்கு! சீமாட்டிகளும் அதைத்தான் கண்டார்கள். நேற்றுத்தான் பெருக்கிய கம்பளம். அதில் இருந்து கறுப்பாக, கொத்துக் கொத்தாக ஓடியது.

பிறகு அதுவே ஒரு வேடிக்கை ஆகி விட்டது. எந்திரம் வரும் நாளில் சிநேகிதிகளைத் தேநீர் விருந்துக்கு அழைத்தார்கள். விருந்தாளிகள் தேநீர் பருகியபடி பார்ப்பார்கள். குழாய் அருகே வந்தால் காலைத் தூக்கிக் கொள்வார்கள். பார்த்து விட்டு வீடு திரும்பியவளுக்குத் தன் வீட்டுக் கம்பளத்தின் மேல் கால் வைக்க மனம் வருமா? அடுத்த அழைப்பு அவளிடம் இருந்து வரும்.

அரசர் பார்த்தார்

1902-ல் ஏழாம் எட்வர்டு அரசருக்கு முடிசூட்டு விழா. ஜூன் 26-ந் தேதிக்கு நாள் குறித்திருந்தார்கள். அரசருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்ததால் ஆகஸ்டு 9-ந் தேதிதான் விழா நடந்தது.

இந்த விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சிம்மாசனங்களின் கீழே நீலக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதில் தூசி படிந்து விட்டது. எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துத் தடியால் அடித்துக் கொண்டிருக்க முடியுமா? பூத்தின் எந்திரம் வந்தது. விரித்த இடத்திலேயே கம்பளம் சுத்தமாயிற்று.

செய்தி அரசர் காதுக்கு எட்டியது. அரண்மனையில் இயக்கிக் காட்டச் சொன்னார். அரசரும், அலெக்சாண்டிரா அரசியும் பார்த்தார்கள். பக்கிங்காம் அரண்மனைக்கும், வின்ட்சர் கோட்டைக்கும் எந்திரங்கள் வாங்கப்பட்டன.

அதற்குப் பிறகு கம்பெனி யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை! ஓட்டல்கள், நாடகக் கொட்டகைகள், பெரிய கடைகள் எல்லாம் கூப்பிட்டன. நாணயம் அச்சடிக்கும் அரசாங்கச் சாலைக்கும் போனார்கள். அங்கே ஒரு கூத்து நடந்ததாகச் சொல்வார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது தூசியைக் கொட்ட மறந்து விட்டார்களாம். போலீசார் பிடித்துக் கொண்டார்கள். அந்தத் தூசியில் இருந்தது வெள்ளித் தூள்!

முதல் உலகப் போரின்போது லண்டன் கிரிஸ்டல் அரண்மனையில் கடற்படை வீரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களிடையே மூளைக் காய்ச்சல் பரவியது. பூத்தின் எந்திரங்கள் அங்கே அள்ளிய தூசி 26 டன்! அதோடு காய்ச்சல் ஓய்ந்தது என்பார்கள். இருமல் மூலமும், நெருக்கமாக வசிப்பதாலும் பரவும் நோய் அது. முழுப் பெருமையையும் எந்திரத்துக்குக் கொடுத்து விட முடியாது.

வந்தது போட்டி

அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தில் ஸ்பாங்ளர் என்று ஒருவர். ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தார். ஆஸ்துமா நோயாளி. பெருக்கினால் இழுப்பு வரும். விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து, கையால் தள்ளும் சிறு எந்திரம் ஒன்றைச் செய்தார். 1908-ல் அதன் உரிமை ஹூவர் என்ற வியாபாரியிடம் போயிற்று.

மின்சாரம் வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு பெண் தானே தள்ளிச் சுத்தம் செய்யலாம் என்றானபின், குதிரை வண்டியை யார் கூப்பிடுவார்கள்? பூத்தின் கம்பெனி பெரிய கட்டடங்களின் பக்கம் திரும்பியது. "காப்ளின்" என்ற பெயரில் சிறு எந்திரங்களும் விற்றது.

பூத் 1955-ல் தமது 83-வது வயதில் காலமானார். இங்கிலாந்தில் தரையை எந்திரத்தால் சுத்தம் செய்வதை இன்றும் "ஹூவர் செய்வது" என்றுதான் சொல்கிறார்கள்.