பெயர் நமது, பிள்ளைகள் எங்கே?

2025 பிப்ரவரியில் முடிந்த ஹாக்கி இந்தியா லீக்கில் நமது தமிழ்நாடு டிராகன்ஸ் நான்காம் இடம் பெற்றது. அரையிறுதியில் அதை வீழ்த்திய பெங்கால் டைகர்ஸ் கோப்பையே வென்றது. போராடித் தோற்றவர்களை நாம் பழிக்க மாட்டோம்!

பெயரில் தமிழ்நாடு, ஆட்டமோ அன்று நடந்தது ஒடிசாவின் ரூர்கேலாவில்! நெதர்லாந்தின் யான்சன் வந்தார், அயர்லாந்தின் ஹார்ட் வந்தார். வரட்டும், வரவேற்போம். ஆனால் அரியலூர்க் காவலாளியின் மகன் கார்த்தி செல்வத்தைப் போல் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

கார்த்தியை உருவாக்கியது எது? கோவில்பட்டி மைதானமும் பயிற்சி விடுதியும்! பூ விற்கும் கீரமங்கலத்துப் பிள்ளைக்கும் காலில் வேகமுண்டு, கையில் வலுவுண்டு. மட்டையைக் கொடுங்கள், மைதானத்தைக் கொடுங்கள்! கோப்பை தானே வரும்!