படியெடாது அழித்தல்

இராசபாளையத்தினின்று தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது சேத்தூர். புலவர் வழக்கில் இது சேற்றூர் எனப்படும். இராமசாமிக் கவிராயரும் அவர்தம் மைந்தரும் சமஸ்தானப் புலவர்களாய் விளங்கிய ஊர் இது. இதற்கு அண்மையிலுள்ள கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் வரகுணபாண்டியனுடைய ஏட்டுச் சுவடிகள் உள்ளன எனக் கேள்வியுற்று ஆண்டுச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர், அவை நெய்யில் தோய்த்துத் தீயிலிடப் பெற்றமை அறிந்து வருந்திய செய்தியை 'என் சரித்திரம்' பயின்றார் யாவரும் அறிவர். சிதைந்த ஏட்டைப் படியெடுத்துக் கொண்ட பின்னரே பழையதனைத் தீக்கு ஈதல் மரபு என்பதும், பின்வந்தோர் முன்னதை மறந்து பின்னதை மட்டும் பற்றினர் என்பதும் ஐயரவர்கள் தரும் விளக்கம்.

கணிப்பொறியின் இயங்குதளத்தை மீள நிறுவும்பொழுது இன்று நிகழ்வதும் இப்பிழையே. சேத்தூர்ப் பகுதியில் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்த எம் மாணவர் ஒருவர், பழுதுற்ற தம் கணிப்பொறியைச் செப்பஞ்செய்யக் கொடுத்தார். செப்பஞ்செய்தவர் வன்தட்டை வடிவமைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்தார். ஈராண்டுத் தொகுப்பு மறைந்தது. பாடிய மூதாட்டியருள் இருவர் அதற்குள் இறந்துபட்டனர். ஆகலின் மீண்டும் சென்று கேட்டெழுதுதற்கும் வழியில்லை.

ஈண்டு ஒன்று தெளிதல் வேண்டும். விரைவு வடிவமைப்பில் அழிவது கோப்புகள் அன்று. அவை இருக்குமிடம் காட்டும் அட்டவணையே. எழுத்துகள் தட்டிலேயே கிடக்கும். அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்பொழுதே மெய்யாக அழியும். புதிய இயங்குதளம் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்ளும் என்பது உண்மையே, எஞ்சியது பிழைக்கும். ஆதலின் இழப்பு அறிந்த நொடியே அக்கணிப்பொறியை நிறுத்துதல் தலையாய கடன். தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியிற் பூட்டி, 'டெஸ்ட்டிஸ்க்', 'போட்டோரெக்' போன்ற விலையில்லா மென்பொருள்களால் தேடலாம். மீட்டவற்றை அத்தட்டிலேயே சேமித்தல் ஆகாது. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகத்திற்கு இது பொருந்துதல் அரிது. நீக்கப்பட்ட பகுதிகளை அது தானே விரைந்து துடைத்துவிடும்.

எம் மாணவரது தட்டு பழைய வகையினதாயிருந்தது நற்பேறு. போட்டோரெக் கோப்பின் தொடக்கக் குறிகொண்டு தேடுவதாகலின், கிடைத்தவை பெயரிழந்து வெற்றெண் தாங்கி நின்றன. தலைப்பேடு இழந்து முறைபிறழ்ந்த சுவடிக்கட்டை ஒழுங்குசெய்தார்க்கு இவ்வல்லல் புதிதன்று.

அவற்றைத் திறந்தவழி மற்றோர் இடர் தோன்றியது. பக்கமெங்கும் ஆங்கில எழுத்துகள்! அவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். அதில் 'தமிழ்' என்னும் சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகும். தமிழ் வடிவம் தருவது எழுத்துரு ஒன்றே. இயங்குதளத்தோடு அதுவும் நீங்கிற்று. எழுத்துருவை மீள நிறுவ, பாடல்கள் புலப்பட்டன. 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் வகுத்த ஒருங்குறியில் எழுதியிருப்பின் இவ்விடர் நேர்ந்திராது. பழங்கோப்புகளை இன்னும் மாற்றாது வைத்திருப்போர் நம் துறைகளிற் பலர் என்பதை நாணத்தோடு கூறவேண்டியுள்ளது.

காத்தல் மீட்டலினும் எளிது. நிறுவுமுன் கோப்புகளையும் எழுத்துருக்களையும் வேறு தட்டொன்றிற் படியெடுக்க. ஒரே தட்டின் மறுபகுதி தனிப்படி ஆகாது. அப்படியைப் பிறிதொரு கணிப்பொறியில் திறந்து நோக்கிய பின்னரே வடிவமைப்புக்கு இசைக. வடிவமைக்காது மேலேயே நிறுவினால் பழையன 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் உறையில் தங்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அதுவும் 10 நாளளவில் தானே நீங்கிவிடும்.

மாணவர்க்குப் பெரும்பாலன கிடைத்தன. மூன்று பாடல்கள் மட்டும் இடையே முறிந்தன. விடுபட்ட அடிகளுக்குப் புள்ளியிட்டு அவற்றை அவ்வாறே ஆய்வேட்டிற் சேர்த்துள்ளார்.