மருந்து கேட்கவில்லையே, ஏன்?

“பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு இதே மாத்திரை கேட்டது, எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?” லூபஸ் நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் முன் அடிக்கடி வைக்கும் வினா இது.

லூபஸ் நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அதன் நுண்வடிகட்டிகள் பழுதடைந்து, சிறுநீரில் புரதம் கசிகிறது. அத்தாக்குதலை அடக்கவே ஸ்டீராய்டு முதலிய மருந்துகளைத் தருகிறோம். ஆயினும், ஒரே மருந்தை எல்லோர் உடலும் ஒரே விதமாகக் கையாள்வதில்லை. இதற்குப் பிறவியிலேயே அமைந்த மரபணு வேறுபாடுகளும் ஒரு காரணம்.

டாக்ரோலிமஸ் மருந்தைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ‘சி.ஒய்.பி.3ஏ5’ என்னும் நொதி சிதைக்கிறது. சிலரிடம் இந்நொதி முனைப்பாக இயங்கும். அவர்கள் தவறாமல் மாத்திரை உட்கொண்டாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு உயராது. அத்தகையோருக்கு வழக்கத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை மருந்து தேவைப்படலாம்.

அசாதியோபிரின் மருந்தில் நிலைமை நேர்மாறானது. ‘டி.பி.எம்.டி.’, ‘என்.யு.டி.டி.15’ ஆகிய மரபணுக்களில் குறை உடையவர்களின் உடலில் அம்மருந்தின் வீரியம் அளவுமீறித் தேங்கும். வழக்கமான அளவே எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும். இவற்றுள் இரண்டாவது மரபணுவின் மாற்றம் ஆசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. எனவே, “கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டலாம்” என்று எவரும் தாமே முடிவு செய்யலாகாது.

மருந்து பலன் தராததற்கு மரபணு மட்டுமே காரணமன்று. விடுபட்ட வேளைகள், உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள், ஏற்கெனவே தழும்பாகிவிட்ட சிறுநீரகத் திசு ஆகியவற்றையும் ஆராய்கிறோம். ஆகவே, வேளை தவறியிருந்தால் தயங்காமல் கூறுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். டாக்ரோலிமஸ் அளவைக் காணும் நாளில், இரத்தம் கொடுத்த பின்னரே காலை மாத்திரையை உட்கொள்ளுங்கள். அசாதியோபிரின் தொடங்கும் முன் மரபணுச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்து கேட்காதது நோயாளியின் குற்றமுமன்று, பெற்றோரின் குற்றமுமன்று. ஒரு மருந்து பயன்படாதபோது அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். அதற்கு வழி காண, குறித்த நாளில் தவறாமல் வாருங்கள்.