நீலத்திரை சார் வந்துட்டார்!

'கீபோர்டு இல்லை. தொடர எஃப் 1 பட்டனை அழுத்தவும்!' ஜோக் இல்லை, பழைய கம்ப்யூட்டர்கள் நிஜமாகவே காட்டிய அறிவிப்பு இது. இல்லாத கீபோர்டில் எஃப் 1-ஐ எங்கே தேடுவது?

நம்மை விடுங்கள், பில் கேட்ஸின் மானத்தையே மேடையில் வாங்கியிருக்கிறது கம்ப்யூட்டர். 1998 ஏப்ரல், சிகாகோ கண்காட்சி. விண்டோஸ் 98-ன் பெருமைகளை விளக்கிக்கொண்டே உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். அவ்வளவுதான், பெரிய திரை முழுக்க நீலம்! அரங்கமே சிரித்தது. 'இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை' என்கிற ரீதியில் சொல்லிச் சமாளித்தார் கேட்ஸ்.

2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் அந்த நீலத்திரைக்கு ஒரு சோக முகமும் சேர்ந்தது. வேலை போனது நமக்கு, முகம் வாடுவது அதற்கு!

உண்மையில் நீலத்திரை வில்லன் இல்லை. கேஸ் வாசனை வந்ததும் ரெகுலேட்டரை மூடுகிறோமே, அப்படித்தான். உள்ளே பெரிய கோளாறு என்றதும், ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களும் கெட்டுவிடாமலிருக்க விண்டோஸ் தானே நின்றுவிடுகிறது. 'சேவ்' செய்யாததுதான் போய்விடும்.

2024 ஜூலை 19 அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸை பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

2025-ல், விண்டோஸ் 11-ல் நீலம் கறுப்பாகிவிட்டது. சோக முகமும் அவுட். பிழைக் குறியீடு மட்டும் இப்போதும் வருகிறது. அதை மொபைலில் போட்டோ எடுத்து வைத்தால், ரிப்பேர் செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.